சத்துவாச்சாரியில் ஒரு பட்டுப்புடவை விற்பனையும் என் வீங்கிய கண்களும்

ஓர் அரசுப் பெண்கள் பள்ளியின் நூலகத்துக்கு நிதி திரட்டப் போய், என் கைப்பணத்தில் 40,970 ரூபாயை இழந்தேன். ஏறக்குறைய ஓராண்டு வரை இந்தத் தொகையை வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது. இப்போது வேலூரிலும் காட்பாடியிலும் பழைய பட்டுப்புடவை விற்பனை, புத்தக விற்பனை என்று நல்ல நோக்கத்தோடு பலர் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். வருபவர்கள் கேட்பதெல்லாம் மண்டபம் எது, அழைப்பிதழை எங்கே அச்சிட்டீர்கள், அன்றைக்கு நீங்கள் கட்டியிருந்த புடவை எங்கே வாங்கியது என்பதைத்தான். பள்ளிக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அன்று அந்தக் கேள்வி தோன்றவில்லை.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை பதினொரு பெண்கள் கூடிப் படிக்கிறோம். கைத்தறி உடுத்தி வர வேண்டும் என்பது ஒன்றே எங்கள் விதி. குடியாத்தம் லுங்கித் துணியில் குர்த்தா தைத்துப் போட்டு வந்து எல்லோரையும் வியக்க வைத்தவர் ஒருவர் உண்டு. மாமியாரின் ஆரணிப் பட்டைப் பிரித்து மேல்சட்டையாகத் தைத்துக்கொண்டவரும் உண்டு. நன்றாக உடுத்துகிறவர்கள் ஆழ்ந்து படிக்க மாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் மாடியே பதில் என்று நான் பெருமையோடு சொல்லிக்கொள்வேன். பீரோவில் தூங்கும் பட்டுப்புடவைகளையும் படித்து முடித்த புத்தகங்களையும் திரட்டி ஒரே நாளில் விற்று, அந்தப் பணத்தில் 25,000 ரூபாய்க்குக் கதைப் புத்தகங்கள் வாங்கிப் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் அந்தப் பெருமையிலிருந்துதான் பிறந்தது. தலைமையாசிரியையிடம் தொகையைச் சொல்லி வாக்கும் கொடுத்துவிட்டேன். முதல் தவறு அதுதான். கையில் வராத பணத்துக்குத் தொகை குறிப்பிட்டு யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வந்ததைக் கொண்டுவந்து தருகிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பள்ளி திறப்பதற்கு முன் கையில் பணம் இருக்க வேண்டும் என்பதால் 2023 மே 21, ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். வேலூரில் வாழ்பவர் எவரும் செய்யக் கூடாத காரியம் அது. கத்திரி வெயிலில் எங்கள் ஊரில் காலை 11 மணிக்கு மேல் மாலை 5 மணி வரை தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. நான் விற்பனைக்கு வைத்த நேரம் காலை 10 முதல் மாலை 6. பழைய பட்டை விரும்பி வாங்கக்கூடிய பல்கலைக்கழக மாணவிகள் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். என் குழுவில் ஏழு பேர் குழந்தைகளோடு தாய் வீட்டில் இருந்தார்கள். அவர்களைக் கேட்டுவிட்டு நாளைக் குறித்திருந்தால் இது நடந்திருக்காது. நான் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுத்தான் குழுவுக்கே செய்தி சொன்னேன். அதை ஓர் இனிய வியப்பாக அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று கற்பனை செய்திருந்தேன். ஒருவர் மட்டும் தொலைபேசியில், "உங்களுக்கே எல்லாம் தெரியுமே அக்கா, நாங்க எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை.

குளிர்சாதன வசதியுள்ள சிறிய மண்டபம் ஒன்றுக்கு ஒரு நாள் வாடகை 15,000 ரூபாய் என்றார்கள். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,700 ரூபாய் என்பது ரசீது போடும்போதுதான் தெரிந்தது. மின்கட்டணம் மீட்டர்படி தனி, துப்புரவுக்குத் தனி, மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் டீசல் தனி என்று அவையெல்லாம் சேர்ந்து இன்னொரு 4,900 ரூபாய் ஆயின. வாடகை எவ்வளவு என்று கேட்பதைவிட, நிகழ்ச்சி முடிந்து சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன் என்று கேட்டு அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறக்காரியம் என்று சொன்னால் குறைப்பார்கள் என்று நம்பினேன். குறைக்கவில்லை, அதில் அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. அவர்களுக்கு அது தொழில்.

புடவைகள் நாற்பது சேர்ந்தன. பீரோவில் மடித்தது மடித்தபடி பத்தாண்டு, இருபதாண்டு இருந்த பட்டு, மடிப்பிலேயே விட்டுப்போகும் என்பதை அந்த வாரத்தில்தான் கண்ணால் கண்டேன். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது எட்டுப் புடவைகளில் மடிப்புக் கோடு நெடுக நூல் இற்றுச் சல்லடையாகத் தெரிந்தது. அந்துருண்டை உரசிய இடங்களில் ஜரிகை கறுத்திருந்தது. நானோ அதற்கு முன்பே, ஒன்றையும் பிரித்துப் பார்க்காமல், நாற்பதையும் பாலிஷுக்கும் ரோலிங்குக்கும் கொடுத்துவிட்டேன். புடவைக்கு 150 வீதம் 6,000 ரூபாய். இற்றுப்போயிருந்தவற்றில் இரண்டு, உருளையிலேயே கிழிந்து வந்தன. தானமாக வரும் பட்டை வாங்கும்போதே கொடுப்பவர் முன்னிலையில் முழு நீளத்துக்கும் பிரித்துப் பாருங்கள். விற்கத் தகாததை மரியாதையாக அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி மடித்து, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். உருண்டைகளை நேராகப் பட்டின் மேல் போட வேண்டாம்.

அதைவிடப் பெரிய தடை ஒன்றை நான் எண்ணியே பார்க்கவில்லை. நம் ஊரில் பிறர் கட்டிய புடவையை விலை கொடுத்து வாங்குவது இன்னும் கூச்சமான செயல். வந்த பெண்கள் ஜரிகையைத் தடவிப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள், பிறகு குரலைத் தாழ்த்தி, "இது யார் கட்டினது?" என்பார்கள். இறந்துபோனவரின் புடவையாக இருக்குமோ என்பதுதான் அந்தக் கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. யாரிடமிருந்து எது வந்தது என்று நான் எழுதி வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு புடவையோடும் சிறு அட்டை ஒன்றைக் கட்டி, எங்கே நெய்தது, எத்தனை முறை கட்டியது, ஏன் கொடுக்கிறார்கள் என்று கொடுத்தவரையே இரண்டு வரி எழுதச் சொல்லியிருந்தால் பாதிக் கூச்சம் போயிருக்கும். அன்று தயங்காமல் வாங்கியவர்கள், மருத்துவமனைக்கு வந்து ஆற்காடு சாலைப் பக்கம் விடுதிகளில் தங்கியிருந்த வங்காளப் பெண்கள் மூவர். எப்படிக் கேள்விப்பட்டார்களோ தெரியவில்லை, ஆட்டோவில் வந்து ஆளுக்கு இரண்டு புடவை வாங்கிக்கொண்டு போனார்கள். நோயாளியை வைத்துக்கொண்டு அந்நிய ஊரில் இருக்கும் பெண்ணுக்கும் ஒரு நல்ல புடவை மேல் கண் போகிறதே என்று எனக்கு மனம் நெகிழ்ந்தது.

புத்தகங்களின் கதை சுருக்கமானது. வீடுகளைக் காலி செய்ய விரும்பியவர்களுக்கு நான் வாய்ப்பாக அமைந்தேன். போட்டித் தேர்வுக் கையேடுகள், பழைய பாடத்திட்டப் புத்தகங்கள், கரையான் தின்ற தொடர்கதைப் பைண்டிங்குகள் என்று மூட்டை மூட்டையாகக் கிட்டத்தட்ட 600 வந்தன. எதை எடுத்தாலும் 40 ரூபாய் என்று வைத்ததில் 187 விற்றன. மிச்சத்தில் நல்லவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை நானே வண்டி வைத்துப் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். அதில் கிடைத்தது வண்டிக்கூலிக்கே சரியாகப் போனது. ஆளுக்கு ஐந்து புத்தகங்களுக்கு மேல் இல்லை, நீங்கள் மறுபடி படிக்க விரும்பக்கூடியவை மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இனி என் கண்களுக்கு வருகிறேன். விற்பனைக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை, வாழ்க்கையில் முதல் முறையாகத் தலைக்குக் கறுப்பு டை போட்டேன். முன்நெற்றியில் நரை தெரிந்தால் புகைப்படத்தில் நன்றாக இராது என்ற எண்ணம்தான். டை ஊறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தொலைக்காட்சியில், 2,000 ரூபாய் நோட்டுகளை ரிசர்வ் வங்கி புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுகிறது என்ற செய்தி ஓடியது. அது என்னை எப்படித் தொடப் போகிறது என்று அப்போது தோன்றவில்லை. மறுநாள் காலை உச்சந்தலை அரிக்கத் தொடங்கி, மதியத்துக்குள் நெற்றி தடித்து, ஞாயிறு விடியும்போது இரண்டு இமைகளும் வீங்கிக் கண்கள் கீற்றாகத் திறந்தன. கண்ணாடியில் பார்த்தபோது என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தனியாகக் குளியலறையில் நின்று அழுதேன். அழுதால் வீக்கம் கூடுமோ என்று பயந்து நிறுத்தினேன்.

தோல் மருத்துவரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடிந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, இதற்கு முன் கையில் கறுப்பு மெஹந்தி போட்டிருக்கிறீர்களா என்பது. போட்டிருக்கிறேன், முந்தைய ஆண்டு குடியாத்தத்தில் ஒரு திருமணத்தில், அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்த கோன் அது. நான்கைந்து நாளில் அந்த இடத்தில் சிறு கொப்புளங்கள் வந்து அடங்கியதை நான் மறந்தே போயிருந்தேன். உண்மையான மருதாணி, செம்மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரைதான் பிடிக்கும், அதற்குப் பல மணி நேரமும் ஆகும். உடனே கறுப்பாகப் பிடிக்கும் கோன்களில் பெரும்பாலும் பிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாரா-ஃபீனைலீன்டையமின் கலந்திருக்கும். பல கறுப்பு டைகளிலும் இருப்பது அதே வேதிப்பொருள்தான். ஒரு முறை தோல் அதனோடு பகைத்துக்கொண்டால், அடுத்த முறை சந்திக்கும்போது பல மடங்காகப் பழி தீர்க்கிறது. டை போடுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கத்திலோ துளி தடவிப் பார்க்க வேண்டும் என்றும், கறுப்புக் கோனில் ஒரு முறை கொப்புளம் வந்தவர் டையின் பக்கமே போகக் கூடாது என்றும் மருத்துவர் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தால், டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் அந்தச் சோதனை அச்சிடப்பட்டே இருந்தது. வாசிப்புக் குழு நடத்துகிற நான் அந்த ஒரு தாளைப் படிக்கவில்லை. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்ததற்கு அவர்கள் தலையில் வைக்கச் சொன்ன புதிய தலைப்பாகையும் ஒரு காரணம் என்று மாணவிகளுக்குப் பாடம் சொன்னவள் நான். தலையில் எதை வைக்கச் சொன்னாலும் யோசிக்க வேண்டும் என்பது ஊரிலேயே எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிறு அன்று, 9,800 ரூபாய்க்கு வாங்கிய புது ஆரணிப் பட்டில், கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு பணப்பெட்டியின் அருகே உட்கார்ந்தேன். உள்ளே நுழைந்தவர்கள் இரண்டடி தள்ளியே நின்றார்கள். சுமை வண்டி ஓட்டிவந்த தம்பிதான் துணிந்து கேட்டார்: "அக்கா, மெட்ராஸ் ஐ-யா?" இல்லை என்று சொல்லி நம்ப வைக்க முடியாது என்பதால், அவரையே புடவைப் பக்கம் நிறுத்திவிட்டு நான் மூலைக்குப் போனேன். நானே எல்லாம் என்று தொடங்கிய ஒரு காரியத்தில் நான் முடங்கினால் என்ன ஆகும் என்று ஒரு கணமும் யோசித்திருக்கவில்லை. பணம் வாங்க ஒருவர், பொருளைக் காட்ட ஒருவர், வாசலில் ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர், ஒருவர் வேலையை மற்றவர் செய்யத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

மூலையில் உட்கார்ந்திருந்தபோதுதான் 2,000 ரூபாய் நோட்டுகள் வரத் தொடங்கின. அந்த நோட்டுகள் செல்லும் என்றுதான் ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது, வங்கியில் மாற்றுவதும் செவ்வாய் 23ஆம் தேதிதான் தொடங்கும். ஆனாலும் வீட்டில் வைத்திருந்தவர்களுக்குக் கை பொறுக்கவில்லை. 40 ரூபாய்ப் புத்தகத்துக்கு 2,000 நீட்டினார்கள். நான் வைத்திருந்த சில்லறை 3,000 ரூபாய் முதல் மணி நேரத்திலேயே தீர்ந்தது. சில்லறை இல்லாமல் போனவர்களின் எண்ணிக்கை எனக்குத் தெரியாது, ஆனால் கையில் எடுத்த புத்தகத்தைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டுப் போன முதுகுகள் நினைவில் இருக்கின்றன. மதியம் பெரியவர் ஒருவர் வந்து, ஒன்றும் வாங்காமல், நன்கொடையாக ஐந்து 2,000 ரூபாய் நோட்டுகளைக் கொடுத்தார். எழுந்து நின்று கும்பிட்டேன். செவ்வாயன்று தொலைபேசியில் அழைத்து, வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

எனக்கு அது என்னவென்றே தெரியாது. தெரிந்த தணிக்கையாளரிடம் கேட்டபோது அவர் பொறுமையாக விளக்கியதை இங்கே சொல்லிவிடுகிறேன். வருமான வரித்துறையில் அதற்கெனப் பதிவு பெற்ற அறக்கட்டளையோ நிறுவனமோதான் அந்தச் சலுகைக்கான சான்றிதழைத் தர முடியும். தனியாள் எவ்வளவு நல்ல காரியம் செய்தாலும் தர முடியாது. பதிவு பெற்ற இடமாகவே இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புடவையாகவோ புத்தகமாகவோ கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. இதைப் பெரியவரிடம் சொன்னதும், அப்படியானால் பணத்தைத் திருப்பித் தந்துவிடுங்கள் என்றார். அவர் கொடுத்த அதே ஐந்து நோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வேற நோட்டு இல்லையாம்மா?" என்று முகத்தைச் சுளித்தார். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போது ஒரு முறைதான், அதுவும் தெருமுனைக்கு வந்த பிறகு. நன்கொடை வாங்கும் மேசையில், வரிச் சலுகைக்கான ரசீது தர இயலாது என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டையை வைத்துவிடுங்கள். கேட்கக் கூசுபவர்களுக்கும் அது உதவும்.

கணக்கு எழுத எனக்கு மூன்று இரவுகள் பிடித்தன. காரணம், கூகுள் பே பணமெல்லாம் என் சொந்தக் கணக்கிலேயே, காஸ் மானியத்தோடும் மகள் அனுப்பிய பணத்தோடும் கலந்து வந்திருந்தது. புழக்கத்தில் இல்லாத ஒரு சேமிப்புக் கணக்கை இதற்கென்று ஒதுக்கி, குழுவில் இன்னொருவரும் பார்க்கும்படி வைத்திருந்தால் மூன்று மணி நேரத்தில் முடிந்திருக்கும். புடவைகள் 23 விற்று 32,200, புத்தகம் 7,480, மிஞ்சிய நன்கொடை 6,500 என்று வரவு 46,180 ரூபாய். செலவில் மண்டபமும் அதன் வாலும் 22,600; மேசை, புடவை மாட்டும் கம்பிகள் 6,200; அழைப்பிதழும் அச்சிட்ட துணிப்பைகளும் 4,800; பாலிஷ் 6,000; ரோஸ்மில்க், உதவியவர்களுக்குச் சாப்பாடு 5,600; வண்டி 2,300. மொத்தம் 47,500. நூலகத்துக்கு ஒரு ரூபாயும் இல்லை, 1,320 ரூபாய் கைநஷ்டம். என் புடவை, ரவிக்கைத் தையல், முகப்பூச்சு, டை, அந்த டைக்கான மருத்துவம் என்று 14,650 தனி. கொடுத்த வாக்குக்காக 25,000 ரூபாயைச் சேமிப்பிலிருந்து எடுத்தேன். எல்லாம் சேர்ந்ததுதான் முதலில் சொன்ன தொகை. ஒரு புடவையும் திரட்டாமல், ஒரு நாற்காலியும் போடாமல், ஏப்ரலிலேயே அந்த 40,970 ரூபாயைப் பள்ளியில் கொடுத்திருந்தால் அவர்களுக்குக் கூடுதலாக 15,970 கிடைத்திருக்கும். செலவுப் பட்டியலில் அழைப்பிதழ், அச்சிட்ட பை, மண்டபத்தின் குளிர், என் புடவை எல்லாம் என்னை நல்லவளாகக் காட்டுவதற்கு ஆன செலவுகள் என்பதைப் பென்சிலால் குறித்துப் பார்த்தபோது, கண் வீக்கத்தைவிட அதுதான் அதிகம் வலித்தது.

அந்த ஆண்டு வெயில் காரணமாகப் பள்ளி ஜூன் 12இல்தான் திறந்தது. தலைமையாசிரியை என்னை உட்கார வைத்து, புத்தகங்கள் ஓரளவு ஏற்கனவே இருக்கின்றன, பூட்டுடன் கூடிய ஓர் அலமாரியும் பிள்ளைகள் உட்காரப் பாய்களும்தான் இல்லை என்றார். வீட்டில் உருது பேசும் சிறுமிகளுக்காகப் பெரிய எழுத்தில் சில எளிய தமிழ்க் கதைப் புத்தகங்கள் இருந்தால் நல்லது என்றும் சொன்னார். இதை நான் ஏப்ரலில் கேட்டிருக்கலாம். கொடுப்பதற்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி, இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொன்றாகப் பதிந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அரசுப் பள்ளிகளுக்கென்று 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகத் தனியாட்களும் நேரடியாகக் கொடுக்கலாம் என்ற செய்தியும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

குழுவிடம் எல்லாக் கணக்கையும் விரித்து வைக்க எனக்கு அடுத்த பிப்ரவரி வரை ஆனது. முதலில் யாரும் பேசவில்லை. பிறகு, அன்று தொலைபேசியில் சிரித்தவர், இதே மாடியில் அடுத்த ஞாயிறு செய்வோம் என்று எழுந்தார். வெயில் தாழ்ந்து நான்கு மணிக்குத் தொடங்கினோம். பதினெட்டுப் புடவைகள் மட்டும். எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றிலும் உடையவரின் கையெழுத்தில் ஓர் அட்டை. பணப்பெட்டியை நான் தொடவில்லை. வேறொருவர் கணக்கில் க்யூஆர் அட்டை, 100 ரூபாய் நோட்டுகளாகச் சில்லறை, தேநீருக்கும் அட்டைக்கும் ஆன 640 ரூபாய் போக 18,660 ரூபாய் மிஞ்சியது. தலைமையாசிரியை நேரில் வந்து என் நரையைப் பார்த்து, "இதுதான் மேடம் உங்களுக்கு நல்லா இருக்கு" என்றார். என் ஆரணிப் பட்டும் அந்தப் பதினெட்டில் ஒன்று. அட்டையில் 'ஒரு முறை கட்டியது, வீங்கிய கண்களோடு' என்று எழுதியிருந்தேன். 4,000 ரூபாய்க்குப் போயிற்று.